மருமகளும் சிரிச்சாளே, அப்புறம் என்ன?

கேள்வி: சகோதரி, என் பையன் வேற இனத்துப் பொண்ணக் காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். நாங்க ஒரு வார்த்த எதிர்ப்பு சொல்லல. எங்களுது கிண்டலும் கேலியுமா இருக்கற குடும்பம், மருமகளோட நிறத்தையும் முடியையும் வச்சு நானும் ரெண்டு ஜோக் அடிப்பேன், அவளும் சிரிப்பா. லைட்ட அணைச்சா இவள எப்படிக் கண்டுபிடிக்கறது, சிரிக்கச் சொல்லணும்னு ஒண்ணு, அது எங்க வீட்ல ரொம்ப ஃபேமஸ். (ஆறு வயசுப் பேத்திகூட அதச் சொல்லுவா, அவ அம்மா இல்லாதப்போ மட்டும், அவ்ளோ சமத்து.) என் மச்சினர் கொஞ்சம் ஓவராப் போவார். போன மாசம் பையன் இதெல்லாம் ரேசிசம்னு கத்திட்டுப் போனவன் வீட்டுப் பக்கமே வரல. என் மனசுல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல. வெறும் ஜோக் எப்படி ரேசிசம் ஆகும்? ஃபேமிலி குரூப்ல ஒரு சாரி போட்டாப் போதுமா?

பதில்: அண்ணே, சகோதரின்னு கூப்பிட்டுட்டீங்க, அதனால உரிமையாவே பேசறேன். இந்த மாதிரி லெட்டர் எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு, ஆளு மாறும், ஜோக் மாறும், "என் மனசுல ஒண்ணுமில்ல"ங்கற வரி மட்டும் மாறவே மாறாது. உங்க மனசத் திறந்து பாக்கற வேலை எனக்கு வேண்டாம். போற போக்குல அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி போட்டிருக்கீங்களே, அதப் பேசுவோம்.

ஆறு வயசுப் புள்ள அந்த ஜோக்க அம்மா இல்லாதப்போ மட்டும் சொல்றா. யாரு சொல்லிக் கொடுத்தது? உக்கார வச்சு "அம்மா முன்னாடி சொல்லாத"ன்னு நீங்க யாரும் சொல்லியிருக்க மாட்டீங்க, சொல்லியிருந்தா இத லெட்டர்ல எழுதவே உங்களுக்குக் கூச்சமா இருந்திருக்கும். அவளாவே கண்டுபிடிச்சிருக்கா. எல்லாரும் சிரிச்சு ஓஞ்சப்புறம் அம்மா மூஞ்சி எப்படி ஆச்சுன்னு அந்தக் குழந்தை பாத்திருக்கு, நீங்க பாக்கல, நீங்க அடுத்த ஜோக்குக்குப் போயிட்டீங்க. இது ரேசிசமான்னு எனக்கு எழுதிக் கேக்கறீங்க, உங்க வீட்லயே ஒருத்தி பதிலத் தெரிஞ்சுக்கிட்டு பொத்தி வச்சிருக்கா, அதுக்கு நீங்க சமத்துன்னு பேரு வச்சிருக்கீங்க! அதுவும் அவ சொல்லும்போது "எங்கம்மாவ எப்படிக் கண்டுபிடிக்கறது"ன்னுதானே சொல்லணும்? பெத்தவள வச்சு ஒரு குழந்தை ஜோக் சொல்லுது, தாத்தா வீடே கைதட்டுது. அந்தப் புள்ள உடம்புல பாதி அந்த அம்மா அண்ணே. நாளைக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கற வயசு வந்தா அது யாரப் பாத்துச் சிரிக்கும், யோசிச்சீங்களா?

மருமகளும் சிரிச்சான்னு சொல்றீங்க. புகுந்த வீட்ல சுத்தி அத்தனை பேரும் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும்போது மாமனார் ஜோக் சொன்னா அவ வேற என்னதான் பண்ணுவா? சிரிக்கலேன்னா ரொம்ப சென்சிட்டிவ்னு பேரு. சிரிச்சா, பல்லு தெரியுது பாருன்னு உங்க ஜோக்தான் முழுசாகுது. தப்பிக்க ஒரு வழிகூட வைக்கலையே நீங்க. அவளே தன் முடிய வச்சு ஏதாவது தமாஷ் பண்ணிக்கிட்டா அது வேற கதை, அந்தத் தலை அவளோடது.

எண்ணம் இல்லேன்னா குத்தம் இல்லைங்கறது உங்க சட்டம். 1965ல ஐநா சபை இனப் பாகுபாட்டுக்கு எதிரா ஒரு உடன்படிக்கை ஏத்துக்கிச்சு, பாகுபாடுன்னா என்னன்னு சொல்ற முதல் பிரிவுலயே நோக்கம் அல்லது விளைவுன்னு இருக்கு, ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும். அது அரசாங்கங்களுக்காக எழுதினது, உங்க ஹாலுக்கு யாரும் போலீஸ் அனுப்பப் போறதில்ல, ஆனா அளந்து பாக்க அது நல்ல அளவுதான். உங்க வீட்ல விளைவு என்னன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

"வெறும் ஜோக்"னு வேற. 1830கள்ல அமெரிக்காவுல தாமஸ் ரைஸ்னு ஒரு வெள்ளைக்கார நடிகர் மூஞ்சில கரி பூசிக்கிட்டு ஜிம் க்ரோன்னு ஒரு கறுப்பின ஆள நக்கலா ஆடிக் காட்டினார், ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பின்னாடி கறுப்பின மக்கள ஸ்கூல்லயும் ரயில்லயும் தனியாப் பிரிச்சு வச்ச சட்டங்களுக்கு அந்தப் பேருதான் நின்னுச்சு, 1960கள் வரைக்கும் அந்தச் சட்டங்க இருந்துச்சு. சிரிச்சவன் எல்லாம் சட்டம் போட்டான்னு நான் சொல்லல. ஆனா இவங்கள இப்படி நடத்தலாம்ங்கறது அந்தச் சிரிப்புலயும் சேந்துதான் சகஜமாச்சு.

உங்க மச்சினர் விஷயமும் அதுதான். நீங்க ஆரம்பிக்காம அவரா ஆரம்பிச்சிருப்பாரா? தாமஸ் ஃபோர்ட், மார்க் ஃபெர்குசன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2004ல இதத்தான் எழுதினாங்க, மட்டம் தட்டற ஜோக் நல்லவனக் கெட்டவனா மாத்திடறதில்ல, ஏற்கனவே உள்ளுக்குள்ள வெறுப்பு வச்சிருக்கறவனுக்கு இங்க இதெல்லாம் செல்லும்னு தைரியம் கொடுக்குதுன்னு. அந்த தைரியத்தக் கொடுத்தது வீட்டுப் பெரியவரான நீங்க.

எதிர்ப்பு சொல்லலைன்னு என்ன பெருமை? எனக்குத் தெரிஞ்சு மாமனார்னா அப்பா ஸ்தானம். வெளியில எவனாவது அந்தப் பொண்ண இப்படிப் பேசினா சட்டையப் புடிக்க வேண்டிய ஆளு நீங்க, நீங்களே மைக்கப் புடிச்சுக்கிட்டு நின்னா அவ யாருகிட்டப் போய்ச் சொல்லுவா? உங்க பையன் பொண்டாட்டிக்காக எழுந்து நின்னான், அதுக்குப் போய் வருத்தப்படறீங்க, அப்படி நிக்கலேன்னாத்தான் நீங்க வருத்தப்படணும்.

குரூப்ல சாரி போடாதீங்க. நாலு பேர் கும்பிடற எமோஜி போடுவாங்க, மச்சினர் சிரிக்கற எமோஜி போடுவார், அதையும் அந்தப் பொண்ணு உக்காந்து பாக்கணுமா? நேர்ல போங்க. "மனசு புண்பட்டிருந்தா"ன்னு இழுக்காம, நான் சொன்னது தப்பும்மா, இனிமே சொல்ல மாட்டேன்னு முடிச்சிடுங்க. பரவால்ல மாமான்னு சொல்லுவா, அத அப்படியே நம்பிடாதீங்க, அதுவும் அவ சிரிச்ச மாதிரிதான். பேத்திகிட்டயும் சொல்லுங்க, தாத்தா சொல்லிக் கொடுத்த ஜோக் கெட்ட ஜோக்குன்னு, அதையும் அவ அம்மா பக்கத்துல இருக்கும்போதே சொல்லுங்க. மச்சினருக்கு முன்கூட்டியே போன் போட்டுடுங்க, அதையும் மீறி பையன் வர்ற அன்னிக்கு அவர் வாயத் திறந்தா நீங்கதான் நிறுத்தணும், அந்த வேலைய மறுபடி பையன் தலையில கட்டாதீங்க.