‘மா’ ஒன்றை வைத்து உறவு கொண்டாடலாமா?

கேள்வி: ‘மா’ நமக்கு நில அளவு. சமஸ்கிருதத்திலும் ‘மா’ என்றால் அளப்பது. சீனத்தில் தாய், வியட்நாமில் நெல் நாற்று. எல்லாம் தமிழிலிருந்து போனவைதானே? எழுத ஏன் தயங்குகிறீர்கள்?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தயக்கம் ஒன்றுமில்லை, உண்மை இல்லை என்பதால்தான் எழுதவில்லை. உதட்டை மூடித் திறந்தாலே வருகிற ஒலி அது. ஏறக்குறைய எந்த மொழியில் தேடினாலும் கிடைக்கும். அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள்.

திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கையில் ‘மாம் ஏகம் சரணம் வ்ரஜ’ என்று இருக்கிறதே, அந்தக் கீதை சுலோகம் ‘மா சுச:’ என்று முடியும். கவலைப்படாதே என்று பொருள். அங்கே ‘மா’ வினைக்கு முன்னால் நின்று ‘வேண்டாம்’ என்று தடுக்கும் இடைச்சொல். நீங்கள் சொல்லும் அளக்கிற ‘மா’ வேறு, அது வினைவேர். சீனத்தில் குரலை மேலேயே நிறுத்திச் சொன்னால் தாய், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. வாக்கியக் கடைசியில் லேசாகச் சொன்னால் வெறும் கேள்விக்குறி, நம் ‘வந்தாயா’வில் உள்ள ‘ஆ’ செய்யும் வேலை. வியட்நாமில் நாற்றைக் குறிப்பது தொண்டையை அழுத்தி இறக்குகிற ‘மா’, அதையே சமமாகச் சொன்னால் பேய். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! இவற்றில் எதைத் தமிழோடு சேர்ப்பீர்கள், எதை விடுவீர்கள்?

உறவு எப்படி இருக்கும் தெரியுமா? பால், ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பூ, ஹூவு. நம் ‘ப’ கன்னடத்தில் ஒன்றில் மட்டுமில்லை, வரிசையாக ‘ஹ’ ஆகிறது. பழைய கன்னடத்தில் அவையும் ‘ப’தான். அதுதான் சான்று.

தமிழுக்குள்ளேயே பாருங்கள். மரமான ‘மா’ காயோடு சேர்ந்தால் மாங்காய், அரைத்த ‘மா’ கோலத்தோடு சேர்ந்தால் மாக்கோலம். எழுத்து ஒன்று, புணர்ச்சி வேறு. நம் நில ‘மா’வோ பின்னத்திலிருந்து வருவது. மா என்றால் இருபதில் ஒன்று, அதனால்தான் 20 மா சேர்ந்தால் ‘வேலி’ என்கிற பெரிய நில அளவு ஒன்று. 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காரர்கள் இன்றும் ‘நாலு மா நடவு’ என்றுதான் சொல்கிறார்கள், ‘நாலு மாக்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. இதெல்லாம் ஏக்கர், சென்ட் என்று மாறிக்கொண்டே வருகிறது, எனக்கு அதுதான் கவலை. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் மா, குழிக் கணக்கு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறோம்.