பழைய மர அலமாரிக்குச் சாக் பெயின்ட் அடித்தேன். மஞ்சள் கறை எழும்புகிறது, மெழுகு பிசுபிசுக்கிறது. எங்கே தவறு?

கேள்வியில் இன்னொரு வரியும் இருக்கிறது: “தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், நேராக அடிக்கலாம் என்றார்களே?” இந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களின் உழைப்பை வீணாக்குவது இந்த ஒரு வாக்குறுதிதான்.

உங்கள் அலமாரி தேக்கு, மகோகனி மாதிரி செந்நிறமோ பழுப்போ ஓடிய மரமாக இருக்கும். நீங்கள் வெள்ளையோ தந்த நிறமோ எடுத்திருப்பீர்கள். பழைய பாலிஷின் மேலேயே இரண்டு கோட் அடித்து, மறுநாள் மெழுகைத் தாராளமாகத் தேய்த்திருப்பீர்கள். அப்படியென்றால் பெயின்டில் குறையில்லை. கறை வருவது அடியில் இருக்கும் மரத்திலிருந்து. பிசுபிசுப்பு வருவது மேலே போட்ட மெழுகின் அளவால்.

இந்தப் பெயின்டின் குணம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எனாமலில் பிசின் அதிகம். நிறத்தூளை முழுக்கச் சூழ்ந்து தோல்போல மூடிவிடும். சாக் பெயின்டில் சுண்ணத்தூள் அதிகம், பிசின் குறைவு. காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பரப்பாக நிற்கும். பளபளப்பு இல்லாததும், சீக்கிரம் காய்வதும், உப்புத்தாளில் மாவுபோல உதிர்வதும், மெழுகைக் குடிப்பதும் அந்தத் துளைகளால்தான். மரத்தின் கறை மேலே ஏறி வருவதும் அதே துளைகள் வழியாகத்தான். (கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்ட் இது இல்லை. அது கெட்டியான பரப்பு. பெயர் ஒத்துப்போவதால் மாற்றி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.)

தேக்கு, மகோகனி, ஓக் ஆகியவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பழைய பாலிஷில் கலந்த சாயமும் சேர்ந்திருக்கும். இரண்டும் பெயின்டின் ஈரத்தில் கரைந்து மேலே வந்து மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ படியும். இதற்கு மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று அடித்துக்கொண்டே போவது வீண். ஒவ்வொரு கோட்டின் ஈரமும் கறையை மறுபடி இழுத்து வரும். சாதாரணத் தண்ணீர்ப் பிரைமரிலும் இதே கதைதான்.

கறையை நிறுத்துவது ஷெல்லாக், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மெழுகு நீக்கிய வகை கிடைத்தால் அதையே எடுங்கள். செதிலாக வாங்கினால் 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் போட்டு ஒரு இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டு மெல்லிய கோட். நடுவில் ஒரு மணி நேரம். உங்கள் அலமாரியில் ஏற்கெனவே மெழுகு ஏறிவிட்டதால் முதலில் அதை எடுக்க வேண்டும். மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால், துணியைத் திருப்பித் திருப்பி, பிசுக்கு வருவது நிற்கும்வரை துடையுங்கள். நன்றாக உலர்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, ஷெல்லாக் அடியுங்கள். கறை தெரியும் இடத்துக்கு மட்டும் அடித்தால் அந்தத் திட்டு பின்னால் தனியாகத் தெரியும். அந்தப் பலகை முழுக்க அடியுங்கள். அதன்மேல் பெயின்ட் பெரும்பாலும் ஒரு கோட்டிலேயே நின்றுவிடும்.

இனி “தேய்க்க வேண்டாம்” விஷயம். பழைய ஃபர்னிச்சரின் மேல் கை எண்ணெய், சமையல் புகை, வருடக்கணக்கில் போட்ட பாலிஷ் எல்லாம் படிந்திருக்கும். சுண்ணத்தூள் எவ்வளவு இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பெயின்ட் பிடிக்காது. நகத்தால் கீறினால் பொருக்காக வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுத் துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீரால், பிறகு ஒரு நாள் காயட்டும். கைப்பிடியைச் சுற்றியும் கதவு விளிம்பிலும் மினரல் டர்பன்டைனால் இன்னொரு முறை. அதன்பிறகு 180 நம்பரில் பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேய்த்தால் போதும். மரம் வெளியே தெரிய வேண்டியதில்லை. ஒரு சின்ன அலமாரிக்கு இது அரை மணி நேர வேலை. பழைய பெயின்ட் அடித்த பொருளாக இருந்தால் மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, சேற்றைத் துணியால் எடுத்துவிடுங்கள். முகக்கவசம் அவசியம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

பெயின்ட் போட்ட உடனே வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் அது சிலிக்கான் கலந்த ஸ்பிரே பாலிஷின் வேலை. அதன்மேல் எவ்வளவு அடித்தாலும் குழி மூடாது. துடைத்தெடுத்துவிட்டு டர்பன்டைன் போட்டு, இங்கேயும் ஷெல்லாக்.

ஆடும் கால், கழன்ற மூட்டு எல்லாம் பெயின்டுக்கு முன்னால் முடிய வேண்டும். மூட்டில் பழைய வஜ்ஜிரப் பசை இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெள்ளைப் பசை போட வேண்டும். அதன்மேல் இது ஒட்டாது. சின்ன ஓட்டைகளிலிருந்து புது மாவு கொட்டினால் மரத்தில் உளு, அதாவது மரம் துளைக்கும் பூச்சி, உயிரோடு இருக்கிறது. பெயின்ட் மூடிய பிறகு மருந்து உள்ளே இறங்காது, ஆகவே முதலில் மருந்து.

அடிக்கும்போது பிரஷ்ஷை முடியின் மூன்றில் ஒரு பங்குதான் தோய்க்க வேண்டும். முதல் கோட் திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். பயந்து அதன்மேலேயே திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். பாதி காய்ந்த பெயின்டை பிரஷ் கட்டியாகக் கிளப்பிவிடும். இரண்டு மணி நேரம் விட்டு இரண்டாவது கோட். அதற்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு தண்ணீர் சேர்த்தால் கோடு விழாமல் பரவும். மின்விசிறிக்கு நேர்கீழேயும் வெயிலிலும் வைத்து அடித்தால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். இழுப்பறை ஓடும் தடத்திலும் பக்கவாட்டிலும் பெயின்ட் வேண்டாம், இறுகிக்கொள்ளும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

வீட்டில் கலக்கிக்கொள்ள நினைத்தால்: பளபளப்பில்லாத எமல்ஷன் மூன்று பங்கு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பிளாஸ்டரைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே எமல்ஷனில் ஊற்ற வேண்டும். உலர் தூளை நேராகப் போட்டால் மணல்மணலாக நிற்கும், பிரஷ் கோடும் போகாது. கலந்தது சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும், ஆகவே அன்றைக்குத் தேவையான அளவு மட்டும். பிளாஸ்டருக்குப் பதில் கால்சியம் கார்பனேட் தூள் போட்டால் இப்படி இறுகாது. எனக்கு அதுவே மேல்.

மெழுகு. பெயின்ட் ஒரு முழுநாள் காய்ந்த பிறகு, 320 நம்பரில் ஒரு தடவல், தூசி துடைப்பு, பிறகு நிறமில்லாத மெழுகு. கைக்குக் கிரீம் தடவுகிற அளவுதான். ஒரு முழ நீளப் பரப்பை எடுத்து, பஞ்சு விடாத துணியால் வட்டமாகத் தேய்த்து உள்ளே இறக்கி, சில நிமிடத்தில் சுத்தமான துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பரப்புக்குப் போங்கள். விரலை இழுத்தால் தடம் விழக்கூடாது. துளைகள் குடிக்கும் வரைதான் மெழுகுக்கு வேலை. மீந்து மேலே நிற்பதெல்லாம் கரைப்பான் வெளியேறாமல் மாதக்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியை வாங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். கறையில்லாத பக்கங்களில் பெயின்டை எடுக்க வேண்டாம். டர்பன்டைன் மிகக் குறைவாகத் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, மறுநாள் உலர்ந்த துணியால் மெருகேற்றினால் சரியாகிவிடும். இரண்டாவது கோட் மெழுகு வேண்டுமென்றால் ஒருநாள் இடைவெளி.

பழமைத் தோற்றத்துக்குக் கருமெழுகு போடுபவர்கள் நிறமில்லாத மெழுகை முதலில் போட்டே ஆக வேண்டும். வெறும் பெயின்டில் கருமெழுகு மைபோல இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. அடியில் மெழுகு இருந்தால், அதிகமான இடத்தில் நிறமில்லாத மெழுகைத் தொட்டுத் துடைத்தாலே குறையும். விளிம்பில் மரம் தெரியத் தேய்ப்பதையும் முதல் மெழுகுக்குப் பிறகு செய்யுங்கள், தூசி பறக்காது. தேய்த்த இடத்தில் மறுபடி மெழுகு வைக்க மறக்காதீர்கள்.

மெழுகு கடினமாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேலே கனமான பொருளை வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு மெழுகே வேண்டாம் என்பேன். தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். சூடான பாத்திரம் வைத்தால் வளையம் விழும். அங்கே தண்ணீர் வார்னிஷ் மூன்று கோட். மெழுகின் மேல் வார்னிஷ் பிடிக்காது, ஆகவே எது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மரத்துக்குப் பெயின்ட் அடிப்பதே குற்றம் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நல்ல ரேகை ஓடும் வெனியரையும் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) கையால் ஏற்றிய அரக்குப் பாலிஷையும் மூடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். பாலிஷ் எது என்று தெரியாவிட்டால் பின்பக்கம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள்; பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்கு. அதை மீட்டெடுக்க முடியும். கறைபிடித்து, பட்டி தெரிந்து, பாதி வெனியர் உரிந்த அலமாரியை எறிவதைவிடப் பெயின்ட் அடித்து வைத்திருப்பது எந்த மரத்துக்கும் அவமானம் இல்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. மெழுகு டின்களில் பலவற்றில் உள்ளே எந்தக் கரைப்பான், எந்த எண்ணெய் என்றே அச்சிடுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் கலந்த மெழுகைத் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இது முன்பக்கமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி. எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், மெழுகுத் துணியை வெளியே விரித்துப்போட்டு விறைப்பாகக் காயவிட்ட பிறகே எறியுங்கள்.