கோச் சொன்னால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. எட்டு வருடமாகச் சர்க்கரை. ஆன்லைனில் ஒரு ஹெல்த் கோச்சிடம் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு தினமும் நடக்கிறார்; எடையும் இறங்கியிருக்கிறது. இப்போது அந்தக் கோச், மாத்திரையைப் பாதியாக்கிவிட்டுத் தன்னிடமே ஒரு சத்துப் பவுடர் வாங்கிக் குடிக்கச் சொல்கிறார். கேட்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கேட்கக் கூடாது. மாத்திரை அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. பவுடரையும் வாங்க வேண்டாம்.

அதற்காகக் கோச்சே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எட்டு வருடமாக நடக்காத அம்மாவை நடக்க வைத்திருக்கிறாரே! டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்து, 'நடங்க, அரிசியைக் குறைங்க' என்று அனுப்பிவிடுகிறார். முட்டி வலிக்கும் நாளில் என்ன செய்வது, கல்யாணப் பந்தியில் எதை ஒதுக்குவது என்றெல்லாம் கூடவே இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்தான்.

அதற்குப் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள். வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. புதிதாகச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டவர்களிடம் 31 சதவீதம்தான் குறைந்தது. சென்னையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை வந்தது. சாப்பாடு, நடை பற்றிச் சொல்லிக் கொடுத்து, அவ்வப்போது போனிலும் விசாரித்து வந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

ஆனால் இந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் 'பார்டர்' சர்க்கரைக்காரர்கள்; அதாவது, சர்க்கரை இன்னும் வராமல், வரும் நிலையில் இருந்தவர்கள். இந்த எண்களைக் காட்டி உங்கள் அம்மாவின் மாத்திரையில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஹெல்த் கோச் என்று பெயர் போட்டுக்கொள்ள நம் ஊரில் உரிமம்கூடத் தேவையில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எடை இறங்கியதால் மாத்திரையைக் குறைக்க வேண்டியும் வரலாம். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, நிறைய நடந்து, குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரும். எனவே இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்து அவர் முடிவெடுக்கட்டும். அதுவரை பழைய அளவே தொடரட்டும்.

கோச்சிடம், 'நடையையும் சாப்பாட்டையும் நீங்கள் பாருங்கள், மாத்திரையை டாக்டர் பார்ப்பார்' என்று சொல்லுங்கள். சரி என்றால் தொடருங்கள். மறுபடியும் பவுடரை நீட்டினால், கட்டிய பணம் போனால் போகட்டும், சாயங்காலம் அம்மாவோடு நீங்களே நடக்கப் போங்கள்.