நாப்தலீன் படிகமாகாமல் எண்ணெயாக இறங்குவது ஏன்?

பி.எஸ்சி. செய்முறை வகுப்பில் நாப்தலீனை மீள்படிகமாக்கும்போது (அதாவது சூடான கரைப்பானில் கரைத்து, ஆறவிட்டு, சுத்தமான படிகமாகத் திரும்ப எடுக்கும்போது) படிகத்துக்குப் பதில் எண்ணெய்த் துளிதான் வருகிறது, கொடுத்த தூளே மோசமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூளின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் நம் அவசரம்தான் காரணம்.

கடலூரில் படித்தபோது எனக்கும் இதே கதைதான். பழுப்பேறிய நாப்தலீனை எத்தனாலில் கரைத்து, கரித்தூள் போட்டு, சூடாக வடிகட்டியது வரைக்கும் சரி. அப்புறம் கொதிக்கக் கொதிக்க இருந்த கரைசலில் தண்ணீரை மளமளவென்று ஊற்றிவிட்டேன். பால்போல் வெளுத்தது, அடியில் மஞ்சளாக ஒரு துளி உருண்டது. ஆறியதும் புளியங்கொட்டை மாதிரி இறுகிப்போனது.

சுத்தமான நாப்தலீன் உருகுவது 80 டிகிரியில். அழுக்கும் கரைப்பானும் கலந்திருந்தால் அதற்கும் கீழேயே உருகிவிடும். எத்தனால் கொதிப்பதோ 78 டிகிரியில். அந்தச் சூட்டில் தண்ணீரை விட்டு விரட்டினால் நாப்தலீன் திரவமாகத்தான் வெளியே வரும். வந்த துளி அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறுகும். என் கட்டி 73-லேயே இளகத் தொடங்கி 77 வரை இழுத்தது.

ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “திரும்பச் சுட வைப்பா, இன்னும் கொஞ்சம் ஆல்கஹால் விடு. துளி கரைஞ்சதும் குடுவையை மேசையில வெச்சிட்டுப் போய் டீ குடி” என்றார். வெந்நீர்த் தொட்டியில்தான் சுட வைத்தேன். எத்தனால் பக்கத்தில் தீ ஆகாது.

மே மாதம், அறைக்குள்ளேயே 35 டிகிரி. தானாக ஆறியது போதாது, பாதிச் சரக்கு கரைசலிலேயே தங்கிவிடும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஐஸில் இறக்கினோம். முதுநகர் மீன் துறைமுகத்து ஐஸ். குடுவைக்கு வெளியேதானே, வாடை அடித்தால் என்ன! உள்ளே மெல்லிய தகடுகள், அசல் மீன் செதில் போலவே மினுங்கின. இந்த முறை 79-க்கு மேல்தான் இளகியது, 80-க்குள் முழுவதும் உருகிவிட்டது.

ஒன்று மட்டும்: உலர்த்த அடுப்பில் வைக்காதீர்கள், நாப்தலீன் பதங்கமாகி, அதாவது உருகாமலே ஆவியாகி, பறந்துவிடும். நான் புத்திசாலித்தனமாக மின்விசிறிக்குக் கீழே திறந்த தட்டில் வைத்துவிட்டு சனி, ஞாயிறு ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை வந்தால் எடை குறைந்திருந்தது, அறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசம்.