துருவ அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கேள்வி பதில்

துருவப் பகுதிகளின் அறிவியலைப் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துச் சொல்லும் பணி தொடர்பாக ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, செங்கல்பட்டு): என் மாணவர்கள் பனி பொழிந்து பார்த்ததே இல்லை. அண்டார்க்டிகா என்றால் பொது அறிவுத் தேர்வுக்கான ஒரு தகவல் என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். அதை அவர்களுக்கு நெருக்கமாக்க வழி உண்டா, ஐயா?

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே அதற்கான வழி இருக்கிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கருமையான சார்னோகைட் பாறையின் துண்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். கிழக்கு அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையம் அமைந்திருக்கும் கரையோரத்திலும் சார்னோகைட் பாறைகள் பரவிக் கிடக்கின்றன. இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்க்டிகாவும் கோண்ட்வானா என்னும் பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியவை. இலங்கையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகவே இருந்தது. பாறையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு, "இரண்டு நிலங்கள் ஒன்றாக இருந்தன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?" என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். என்னைக் கேட்டால், துருவ அறிவியல் கல்வி தொடங்க வேண்டிய இடம் அதுதான். அங்கே என்ன இருக்கிறது என்பதைவிட, அது நமக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு ஆசிரியர்): வட துருவத்துப் பனி உருகினால் கடல் மட்டம் உயரும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். இது சரியா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதியைச் சரிசெய்ய இரண்டு கண்ணாடிக் குவளைகள் போதும். ஒன்றில் நீர் ஊற்றிப் பனிக்கட்டிகளை மிதக்கவிடுங்கள். மற்றொன்றில் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டும் அளவுக்குக் கல் ஒன்றை வைத்து, அதன்மேல் பனிக்கட்டிகளை அடுக்குங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுக் காத்திருங்கள். முதல் குவளையில் மட்டம் மாறாது, இரண்டாவதில் உயரும். ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் மிதக்கும் கடல் பனி முதல் வகையைச் சேர்ந்தது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் படிந்துள்ள பனிவிரிப்பு இரண்டாம் வகை. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சராசரியாக 7 மீட்டருக்கு மேலும், அண்டார்க்டிகாவுடையது முழுவதும் உருகினால் ஏறத்தாழ 58 மீட்டரும் உயரும். இந்த எண்களைச் சொல்லும்போதே, முழுவதும் உருக மிக நீண்ட காலம் பிடிக்கும் என்பதையும், நாம் இப்போது கவலைப்படுவது அதன் சிறு பங்கைப் பற்றியே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 58 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வகுப்பை முடிப்பது நேர்மையான கல்வி ஆகாது.

கூர்மையான மாணவர் எவரேனும், "கடல்நீர் உப்பாயிற்றே?" என்று கேட்டால் மகிழுங்கள். மிதக்கும் பனிக்கட்டி நன்னீரால் ஆனது, கடல்நீர் அதைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே மிதப்பது உருகும்போதும் மட்டம் மிகச் சிறிதளவு உயரத்தான் செய்யும். அண்டார்க்டிகாவின் விளிம்பில் மிதக்கும் பனித்தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவை உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக உயராது, ஆனால் பின்னால் இருக்கும் நிலப்பனி கடலுக்குள் சரியாமல் முட்டுக்கொடுத்துத் தாங்குபவை அவையே. மேற்கு அண்டார்க்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாற்றை ஆய்வாளர்கள் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெப்பமண்டலக் கரைகளில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. பெரும் பனிவிரிப்பு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது மெலியும்போது அருகில் உள்ள கடல் மட்டம் தாழ்ந்து, தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக உயர்கிறது. கிரீன்லாந்தின் இழப்பு அதன் சொந்தக் கரையைவிட நம் கரையில் அதிகமாகத் தெரியும் என்பதை மாணவர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி): எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்த காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தது என்று சொல்கிறார்கள். அப்போது அளப்பதற்கு யாருமே இல்லையே?

பதில்: அளப்பதற்கு யாரும் இல்லை என்றாலும், அந்தக் காற்றே எஞ்சியிருக்கிறது. அண்டார்க்டிகாவின் உள்நாட்டுப் பீடபூமியில் விழும் பனி உருகுவதில்லை. ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எடையால் அழுந்திக் கட்டியாகிறது. அப்படிக் கட்டியாகும்போது துகள்களுக்கு இடையில் இருந்த காற்று குமிழ்களாகச் சிறைப்படுகிறது. டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பிய நாடுகளின் எபிகா திட்டத்தினர் 3,200 மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டுப் பனி உருளைகளை வெளியே எடுத்தார்கள். அந்தத் துளையிடும் பணி 2004-இல் முடிந்தது. அக்குமிழ்களை ஆராய்ந்தபோது, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடின் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 170 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது தெரிந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அக்காலத்து வெப்பநிலையைக் குமிழ்கள் காட்டுவதில்லை, பனிக்கட்டியின் நீரே காட்டுகிறது. குளிர் மிகுந்த காலத்தில் பெய்த பனியில் எடை கூடிய ஆக்சிஜன் அணுக்கள் குறைவாக இருக்கும்.

உங்கள் கேள்வியில் இருக்கும் ஐயத்தை ஆய்வாளர்களும் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டார்கள். பனி விழுந்தவுடன் காற்று அடைபடுவதில்லை. டோம் சி-யில் ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழம் வரை அது மேற்பரப்புக் காற்றோடு கலந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு குமிழின் வயது அதைச் சூழ்ந்த பனிக்கட்டியின் வயதைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் குறைவாக இருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வெப்பம் முதலில் ஏறியதா, வாயு முதலில் ஏறியதா என்ற கேள்விக்குத் தவறான விடையே கிடைக்கும். 2025 ஜனவரியில் அதே பீடபூமியின் லிட்டில் டோம் சி-யில் 2,800 மீட்டர் ஆழத்துக்குச் சென்ற துளை அடிப்பாறையை எட்டியது. அங்கிருந்து எடுத்த பனி 12 லட்சம் ஆண்டுகளுக்கும் பழமையானது. அதன் முழு ஆய்வு முடிவுகள் நீங்கள் கல்லூரியில் படிக்கும் காலத்தில் வந்துகொண்டிருக்கும்.

கேள்வி (ஒரு தாயார்): உருகும் பனியைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு என் ஒன்பது வயது மகன் இரவில் பயப்படுகிறான். இந்த வயதில் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும், அம்மா. ஆனால் பயமுறுத்தும் படங்களை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. மகனுக்கு ஓசோன் துளையின் கதையைச் சொல்லுங்கள். அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் பிரிட்டன் ஆய்வாளர்கள் 1956 முதல் தலைக்கு மேலுள்ள ஓசோனை அளந்துவந்தார்கள். பெரிய பயன் எதுவும் தெரியாமலே பல ஆண்டுகள் தொடர்ந்த வேலை அது. அந்த நீண்ட தொடர் அளவீடு இருந்ததால்தான், வசந்த காலத்தில் ஓசோன் கடுமையாகக் குறைந்துவருவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985-இல் உறுதியாக அறிவிக்க முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1987-இல், மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஓசோன் குறைவுக்குக் காரணமான வேதிப்பொருள்களின் உற்பத்தி அதன்படி படிப்படியாக நிறுத்தப்பட்டது. இப்போதைய கணிப்புப்படி அண்டார்க்டிகாவுக்கு மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும். ஓசோன் துளையும் புவி வெப்பமாதலும் ஒன்றல்ல என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குழந்தைகள் இரண்டையும் எளிதாகக் குழப்பிக்கொள்வார்கள்.

கேள்வி: துருவக் கரடி பெங்குவினை வேட்டையாடுமா?

பதில்: வாய்ப்பே இல்லை. துருவக் கரடி வடக்கே ஆர்க்டிக்கில் வாழ்கிறது. பெங்குவின்களின் வாழ்விடம் ஏறக்குறைய முழுவதும் தென் அரைக்கோளத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே பனிப்பாறையில் நிற்கவைத்த படங்களைச் சுவரொட்டிகளிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): துருவ அறிவியல் பரப்புரை என்றாலே விஞ்ஞானிகளும் வெண்பனியும்தான் காட்டப்படுகின்றன. ஆர்க்டிக்கில் மனிதர்கள் வாழ்கிறார்கள் அல்லவா?

பதில்: நல்ல கண்டிப்பு, ஏற்கத்தக்கது. ஆர்க்டிக் பகுதியில் ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் இனுயிட், சாமி, நெனெட்ஸ், சுக்சி போன்ற தொல்குடியினர் பல தலைமுறைகளாக அந்நிலத்தை அறிந்தவர்கள். எந்தக் கடல் பனி மனிதனின் எடையைத் தாங்கும், எது தாங்காது என்பதை இனுயிட் வேட்டைக்காரர்கள் அறிந்திருப்பது உயிர் வாழ்வதற்கான அறிவு. அந்த அறிவைத் தம் மொழியில் தாமே பதிவுசெய்து பகிர்வதற்காக, சிகு என்ற செயலியைக் கனடாவின் இனுயிட் சமூகங்கள் பயன்படுத்துகின்றன. பாடம் நடத்துவோர் ஒரு நிமிடமாவது இதற்கு ஒதுக்காவிட்டால், மக்கள் இல்லாத வெற்று நிலம் என்ற பொய்யான படத்தை மாணவர் மனத்தில் பதித்தவர்கள் ஆவோம்.

கேள்வி (இளம் ஆய்வாளர்): பள்ளிகளோடு காணொளி வழியே பேச அழைக்கிறார்கள். ஆய்வைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கழிப்பறை, சாப்பாடு, நாய் என்றுதான் கேட்கிறார்கள். எப்படி அவர்களை அறிவியலுக்குத் திருப்புவது?

பதில்: திருப்ப வேண்டாம், அந்தக் கேள்விகளின் வழியாகவே உள்ளே செல்லுங்கள். கழிப்பறையைப் பற்றிக் கேட்டால், அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறையைச் சொல்லலாம். பனி மூடாத நிலத்தில் கழிவுநீரை விடக் கூடாது என்றும், மின்கலங்கள், மீந்த எரிபொருள் போன்றவற்றைக் கண்டத்தை விட்டே அகற்ற வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நாயைப் பற்றிக் கேட்டால், அதே நெறிமுறைப்படி 1994 ஏப்ரல் 1-க்குள் சறுக்குவண்டி நாய்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன என்று சொல்லலாம். ஏன் என்ற கேள்வி உடனே வரும். அயலிலிருந்து வரும் விலங்குகளால் சீல்களுக்கு நோய் பரவக்கூடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டப்பட்ட அது பனியில் புதைந்துபோனதையும், அதற்கடுத்த மைத்ரி நிலையம் பாறைத் தரையில் அமைக்கப்பட்டதையும் சொல்லுங்கள்.

கேள்வி (தலைமையாசிரியர்): எங்கள் பள்ளி கலந்துகொள்ளக்கூடிய பன்னாட்டுத் திட்டங்கள் உண்டா?

பதில்: பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராயும் காலத்தைப் பன்னாட்டுத் துருவ ஆண்டு என்கிறார்கள். 2007-08-இல் நடந்தது இத்துறையில் ஒரு திருப்பம். 1882-83-லும் 1932-33-லும் நடந்த முந்தைய துருவ ஆண்டுகள் அளவீட்டுக்கானவை. 2007-08-இல்தான் கல்வியும் மக்களிடம் எடுத்துச் செல்வதும் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாகவே தொடக்கத்திலிருந்து இடம்பெற்றன. இளம் துருவ ஆய்வாளர்களின் சங்கமான ஏபெக்ஸ் அக்காலத்தில் உருவானது. துருவக் கல்வியாளர்களின் பன்னாட்டு அமைப்பு 2012-இல் தொடங்கியது. மார்ச்சிலும் செப்டம்பரிலும், இரவும் பகலும் ஏறக்குறைய சமமாகும் நாள்களையொட்டி, பன்னாட்டுத் துருவ வாரம் நடைபெறுகிறது. டிசம்பர் 1 அண்டார்க்டிகா நாள், 1959-இல் அண்டார்க்டிகா ஒப்பந்தம் கையெழுத்தான தேதி. அதையொட்டி மாணவர்கள் வரைந்த கொடிகளை ஆய்வாளர்கள் அங்கே எடுத்துச் செல்லும் திட்டமும் உண்டு. இந்தியாவில் கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்துக்கு எழுதிப் பாருங்கள். அடுத்த துருவ ஆண்டு 2032-33-இல் திட்டமிடப்பட்டிருக்கிறது, இப்போது தொடங்கினால் நேரம் போதும்.

கேள்வி (ஊர்ப்புறப் பள்ளி ஆசிரியர்): எங்களிடம் இணையம் இல்லை, ஆய்வகம் இல்லை, கிடைப்பது ஒரே ஒரு பாடவேளை. அதில் என்ன செய்யலாம்?

பதில்: வரைபடத் தாளும் பென்சிலும் போதும். செயற்கைக்கோள்கள் 1979 முதல் ஆர்க்டிக் கடல் பனியின் பரப்பைத் தொடர்ந்து அளக்கின்றன. செப்டம்பர் மாதச் சராசரி 1979-இல் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர், 2007-இல் சுமார் 43 லட்சம், 2012-இல் சுமார் 36 லட்சம், 2013-லும் 2014-லும் சுமார் 52 லட்சம், 2020-இல் சுமார் 40 லட்சம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளின் எண்களை மட்டும் கொடுங்கள், மறு பாதியினருக்கு எல்லாவற்றையும் கொடுங்கள். முதல் குழுவின் கோடு மேலே ஏறும், இரண்டாவது குழுவின் கோடு ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் கீழே வரும். இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, இரண்டு குழுக்களையும் வாதிடச் சொல்லுங்கள். தீர்ப்பை நீங்கள் உடனே சொல்லிவிடாமல், பாடவேளை முடியும்வரை அவர்களே பேசட்டும்.