மகளை மெல்பர்னுக்கு அனுப்பலாமா?

கேள்வி: அயர்லாந்தில் மேயோ கவுண்டியில் ஒரு சின்ன ஊரில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மகளுக்கு 21 வயது, நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஏழு வயதில் ஊர் கிளப்பில் கேலிக் கால்பந்து ஆட ஆரம்பித்தவள், இப்போது கவுண்டி (மாவட்ட) அணி வரைக்கும் வந்துவிட்டாள். போன மாதம் மெல்பர்னில் உள்ள ஒரு ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பிலிருந்து அவளுடைய ஆட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். அன்றிலிருந்து ராத்திரி சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எங்கிருந்தோ வாங்கி வந்த முட்டை வடிவப் பந்தை மேலே போட்டுப் போட்டுப் பிடிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இத்தனை வருடம் பழகிய ஆட்டம் வீணாகிவிடாதா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது முதலில் வந்து பேசியதே அந்த கிளப் ஆட்கள்தான். அவர்களை விட்டுவிட்டுப் போவது நன்றி கெட்டதனம் ஆகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கேலிக் கால்பந்து, கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்து ஆட்டம். அதில் ஆட்டக்காரரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. எந்த ஊரில் குடியிருக்கிறீர்களோ அந்த ஊர் கிளப்புக்கு ஆடுவீர்கள், பெரும்பாலும் ஆயுசு முழுக்க. 2019இல் டப்ளின் குரோக் பார்க்கில் நடந்த பெண்கள் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியைப் பார்க்க 56,114 பேர் வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஆடிய பெண்களுக்கும் சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்தால் மறுபடியும் அவரவர் வேலை, அவரவர் படிப்பு. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்கு அப்படிப்பட்ட கிளப் என்னவாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. உங்கள் மகள் அந்தச் சட்டையைப் போட்ட நாளில்தான் நீங்களும் அந்த ஊர்க்காரர் ஆனீர்கள்.

ஆனால் மேயோ எப்படிப்பட்ட மண் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய கவுண்டி அது. வழியனுப்புவது அந்த ஊருக்குப் பழகிய வேலை. சொல்லாமல் போனால்தான் அவர்களுக்கு வலிக்கும்.

அதனால் உங்கள் மகளே நேரில் போய் கிளப் மேனேஜரிடம் சொல்லட்டும், வாட்ஸப்பில் செய்தி பரவுவதற்கு முன்னால். சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியப் பெண்கள் லீக் 2017இல் தொடங்கியபோது பருவம் பிப்ரவரி, மார்ச் என்று ஆண்டின் தொடக்கத்தில் இருந்தது. அங்கே ஆடிவிட்டு வந்து, இங்கே கோடையில் முழுசாக ஆட முடிந்தது. 2022இல் அதை ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும்படி மாற்றிவிட்டார்கள். மீத் கவுண்டியின் விக்கி வால் அந்த வருடம் ஜூலை 31 அன்று குரோக் பார்க்கில் கோப்பையை வென்றார். நார்த் மெல்பர்னுக்காக ஆடப் போன அவருக்கு ஆகஸ்ட் 25 அன்று அங்கே பருவம் தொடங்கிவிட்டது. கவுண்டி ஆட்டத்தையாவது இப்படி ஓடி ஓடிச் சமாளிக்கலாம். கிளப் போட்டிகள் நடப்பது கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும். அதாவது, ஊர்ச் சட்டையைத்தான் உங்கள் மகள் முதலில் இழப்பாள். இதை மறைத்து, "வந்து ஆடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ஊரில் இருக்கும் மாதங்களில் சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று சொல்லட்டும், அது அவளால் முடிந்த காரியம். உங்கள் பக்கத்து கார்னகன் கிளப்பின் கோரா ஸ்டான்டன் போனபோதும், சாரா ரோ போனபோதும் மேயோ அவர்களைத் தன் பிள்ளைகள் இல்லை என்று தள்ளிவிடவில்லையே.

சரி, பழகியது வீணா என்ற கேள்விக்கு வருவோம். வீணே இல்லை. ஓடிக்கொண்டே உதைப்பது, எகிறிப் பிடிப்பது, முஷ்டியால் தட்டிக் கொடுப்பது, மணிக்கணக்காக ஓடும் மூச்சு, இதெல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் கடல் தாண்டி வந்து கேட்கிறார்கள். கேவன் கவுண்டியில் பிறந்த லாரா டுரியா 2017இல் மெல்பர்ன் அணிக்கு ஆடினார். அந்த லீக்கில் முதல் ஐரிஷ் பெண் அவர்தான். 2024இல் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட ஐரிஷ் பெண்கள் இருந்தார்கள்.

கஷ்டம் புதிதாகக் கற்பதில் இல்லை, பழையதை மறப்பதில்தான் இருக்கிறது. உருண்டைப் பந்தை எப்படிக் கீழே விட்டாலும் அது உருண்டைதான், காலின் எந்தப் பக்கத்தாலும் வளைத்து உதைக்கலாம். முட்டைப் பந்து அப்படியில்லை. இரண்டு பக்கமும் பிடித்து, நிமிர்த்தி, ஒரு கையால் காலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அடி முனையில் கால் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி நேராகப் போகும். இதற்கு டிராப் பன்ட் என்று பெயர். கையிலிருந்து விடும்போது முனை ஒரு விரல் அளவு சாய்ந்தாலும் தள்ளாடிக்கொண்டு எங்கேயோ போய் விழும். ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டவும் வேண்டும். மூக்கை முன்பக்கம் சாய்த்துத் தட்டினால் கைக்குத் திரும்பி வரும், இல்லையென்றால் முகத்துக்கு நேரே எகிறும். சோபாவில் படுத்துக்கொண்டு பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பிடிப்பது அவளுக்கு ஏற்கெனவே வரும். எழுந்து நின்று, கையிலிருந்து விடுவதைப் பழகச் சொல்லுங்கள். தினம் இருநூறு தடவை, உதைக்கக்கூட வேண்டாம்.

விதிகளும் அப்படித்தான். தலையில் ஏறிவிடும், உடம்பில் ஏறத்தான் நாளாகும். டப்ளின்காரர் ஜிம் ஸ்டைன்ஸ் 1984இல், 18 வயதில் மெல்பர்ன் போனார். 1987இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம், கடைசி நொடிகள், மெல்பர்ன் முன்னிலையில் இருக்கிறது. எதிரணி வீரர் கோலுக்கு உதைக்க நிற்கும்போது, ஸ்டைன்ஸ் குறுக்கே ஓடிவிட்டார். அதற்கு 15 மீட்டர் தண்டனை. கிட்டத்திலிருந்து உதைத்தது கோல் ஆனது, மெல்பர்ன் இரண்டு புள்ளியில் தோற்றது. அந்த ஸ்டைன்ஸ்தான் 1991இல் அந்த லீக்கின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கம் வாங்கினார். இந்தக் கதையை உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லுங்கள். முதல் வருடம் தடுமாறும்போது அவளுக்கு இது வேண்டியிருக்கும்.

அப்புறம் அடி. இதில் உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன், நீங்கள் நர்ஸ் வேறு. பெண்கள் கேலிக் ஆட்டத்தில் தோளால் இடிப்பதே தப்பு என்றுதான் இவர்கள் வளர்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். அதுவும் எந்தத் திசையிலிருந்தும் வருவார்கள். கார்க் கவுண்டிக்காக 11 முறை அகில அயர்லாந்துக் கோப்பை வென்ற பிரீட் ஸ்டாக், கைக்குழந்தையோடு சிட்னி போனார். 2021 ஜனவரியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் மோதிக் கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்து ஆடினார். லீட்ரிமின் ஆன்யா டைக்கு முழங்கால் தசைநார் இரண்டு முறை அறுந்தது. ஃப்ரீமேண்டில் அணிக்காக அவர் முதல் ஆட்டம் ஆடியது 2022இல்தான். கோரா ஸ்டான்டனுக்கே 2019இல் கால் நாலு இடத்தில் முறிந்தது.

இதைப் படித்துவிட்டு "வேண்டாம்" என்று சொல்லத் தோன்றும். என் பிள்ளையாக இருந்தால் எனக்கும் தோன்றும். ஆனால் மூன்று பேரும் திரும்ப எழுந்து ஆடினார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. பயப்படுங்கள், சரியான இடத்தில் பயப்படுங்கள். புது பந்துக்காகக் கவலைப்பட்டு ஒரு பயனும் இல்லை. இடி வாங்குவதற்கு இப்போதே தயார் செய்யலாம். அயர்லாந்தில் பெண்கள் ரக்பி கிளப்புகள் இருக்கின்றன. குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு நாள் அங்கே போய் டேக்கிள் செய்யவும், டேக்கிள் வாங்கி விழவும் கற்றுக்கொள்ளட்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளில் உருண்டு விழுவது உடம்புக்குப் பழக்கமாக வேண்டும், விமானம் ஏறிய பிறகு அல்ல. கழுத்துக்கும் முழங்காலுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும். அவள் அந்தக் குளிர்காலத்தைப் பொறுமையாகச் செய்து முடித்தால், போகத் தயாராகிவிட்டாள் என்று நீங்களும் நம்பலாம்.

படிப்பை முடித்துவிட்டுப் போகட்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கோரா ஸ்டான்டன் அங்கே முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 36. உங்கள் மகளுக்கு 22இல் போனாலும் காலம் நிறைய இருக்கிறது. கிளப் காத்திருக்காது என்று பயமுறுத்தினால், அந்த கிளப்பைப் பற்றி அதுவே போதுமான தகவல். பணம் ஓரளவு வரும். 2022 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 39,184 ஆஸ்திரேலிய டாலர். அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது. மெல்பர்ன் வாடகைக்கு அது பெரிய தொகை இல்லை என்பதால், நர்சிங் பட்டம் கையில் இருப்பது இன்னும் நல்லது.

பேசியவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: அடிபட்டால் அறுவை சிகிச்சைக்கும், குணமாகும் மாதங்களுக்கும் பணம் யார் தருவார்கள், அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, விமான டிக்கெட் ஒரு வழியா இரண்டு வழியா, முதல் சில வாரங்கள் எந்த வீட்டில் யாரோடு தங்குவாள், வீட்டில் ஏதாவது என்றால் ஊருக்கு வர விடுவார்களா. ஏற்கெனவே அந்த கிளப்பில் ஆடிய ஒரு ஐரிஷ் பெண்ணிடம், கிளப் ஆட்கள் பக்கத்தில் இல்லாமல், உங்கள் மகள் போனில் பேச வேண்டும். நீங்களும் கூட இருங்கள்.

ஒரு சின்ன விஷயம். அயர்லாந்தின் கோடையில் மெல்பர்ன் உங்களைவிட ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே மதியம் ஒரு மணி ஆட்டம் என்றால் உங்களுக்கு விடிகாலை நாலு மணி. அடுத்த வருடம் டூட்டி ரோஸ்டர் போடும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் உங்களோடு முதலில் வந்து பேசினார்களே, அவர்களையும் அந்த நாலு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள், டீ போட்டு வைத்து. கட்டாயம் வருவார்கள்.