ஏற்காட்டில் வாங்கிய மலைத்தேன்: லேபில் எந்தச் சோதனையைக் கேட்பது?

ஏரிக்கரைக் கடையில் வாங்கிய இரண்டு லிட்டர் 'மலைத்தேன்' நிஜமா, பெட்டித்தேனா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் வீண். கெட்டியான சர்க்கரைப் பாகும் அதில் தேறிவிடும்.

நீங்கள் விசாரித்த கார்பன் ஐசோடோப் சோதனை சொல்வது கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்பதை மட்டும். தேனின் ஐசோடோப் மதிப்பையும் அதிலுள்ள புரதத்தின் ஐசோடோப் மதிப்பையும் ஒப்பிடுவார்கள். உதாரணமாகப் புரதம் -25.2, தேன் -23.4 என்றால் கணக்கு (25.2-23.4)÷(25.2-9.7), ஏறக்குறைய 11.6% (-9.7 என்பது கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரைக்கு வைத்துக்கொள்ளும் மதிப்பு). வரம்பு 7%, ஆக ஃபெயில். பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாலும் இப்படிக் காட்டலாம். அரிசிப் பாகு இதில் சிக்காது. அதற்கு என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்துத் தேனின் கூறுகளை ஆராயும் சோதனை) கேளுங்கள்.

காட்டுத்தேனா என்பதற்குத் தேனீ டிஎன்ஏ பார்ப்பதுதான் சரி. மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. இத்தாலியத் தேனீ வந்தால் பெரும்பாலும் பெட்டித்தேன்தான். இந்தியத் தேனீ வந்தால்தான் சிக்கல்: அது மரப்பொந்திலும் இருக்கும், பெட்டியிலும் இருக்கும். காபிப்பூ மகரந்தம் இருப்பதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். காட்டுத் தேனீயும் பெட்டித் தேனீயும் அதே எஸ்டேட்டில்தான் மேய்கின்றன.

ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கலப்படம் என்று பதறவும் வேண்டாம். தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடாத அறையோடு பிழிந்த காட்டுத்தேன் அப்படித்தான் இருக்கும். அது புளித்திருந்தால், பாட்டில் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரைக்கும்.

250 கிராம், கண்ணாடி பாட்டிலில், காய்ச்சாமல் வடிகட்டாமல் அனுப்புங்கள். சூடு காட்டினால் எச்எம்எஃப் (சூட்டில் சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஒரு வேதிப்பொருள்) ஏறும், டிஎன்ஏ சிதையும்.